மேடையில் கிடைத்த மன்னிப்பு

அந்தக் கருத்தரங்கக் கூடத்தில் மைக்கும் ஒலிபெருக்கியும் பார்த்துக்கொள்பவரை எல்லோரும் ஒயர்லெஸ்காரர் என்றே கூப்பிடுவார்கள். பட்டாளத்தில் பன்னிரண்டு வருடம் ஒயர்லெஸ் கருவியைக் கட்டிக்கொண்டு மாரடித்தவர். “எங்கேயோ மலைக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் முணுமுணுத்தா இவருக்குக் கேட்கும். அடுக்களையிலிருந்து நான் தொண்டை கிழியக் கத்தினா மட்டும் கேட்காது” என்று மனைவி பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவரும் சிரிப்பார். பட்டாளத்தைப் பற்றி அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சு நடந்ததில்லை.

மகள் படிப்பை முடித்து ஒரு கம்பெனியின் பயிற்சிப் பிரிவில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் சாயங்காலம் காலிலிருந்த செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் ஓடி வந்தாள்.

“அப்பா, பெரிய வேலை ஒண்ணு என்கிட்ட கொடுத்திருக்காங்க. மேனேஜருங்களுக்கெல்லாம் ஒருநாள் பயிற்சி. தலைமைப் பண்பு பத்தி. ரிட்டயர்டு மேஜர் ஒருத்தர் வந்து பேசறாரு. உங்க ஹாலைத்தான் புக் பண்ணியிருக்கேன். நீங்க இருந்தா மைக் மக்கர் பண்ணாதுல்ல!”

மேஜரின் பெயரைச் சொன்னாள். ஒயர்லெஸ்காரர் தண்ணீர்க் குவளையை வாய்வரை கொண்டுபோனவர் அப்படியே கீழே வைத்தார்.

“தெரியுமாப்பா அவரை?”

“பட்டாளத்துல ஆயிரம் பேரு. எல்லாரையும் தெரிஞ்சுக்க முடியுமா?”

அவள் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். மேஜர் எழுதியது. அட்டையில் அவர் கைகட்டி நின்றார். முடி நரைத்திருந்தது, தாடை மட்டும் அதே தாடை. பழைய ராஜாக்களின் போர்கள், நேற்றைய பேப்பரில் வந்த அரசியல், நடுநடுவே தன் பட்டாள அனுபவம் என்று கலந்துகட்டி ஆறு பாடம் எழுதியிருந்தார். மூன்றாவது பாடம் அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தும் அதையே சொன்னாள்.

“ஆத்துக்கு அக்கரையில நாலு சிப்பாய்ங்க காவல் இருக்காங்க. எதிரி நெருங்கிட்டான். மேஜர் அப்ப கேப்டன். ‘உடனே திரும்பி வாங்க’ன்னு உத்தரவு கொடுக்கறாரு. ஆனா பக்கத்துல இருந்த ஒயர்லெஸ் ஆபரேட்டர் பயத்துல பதறி, உத்தரவைச் சொல்லாமலே விட்டுட்டான். நாலு பேரும் போயிட்டாங்க. கொடுத்த உத்தரவு போய்ச் சேர்ந்துச்சான்னு பார்க்காதவன் தலைவனே இல்லை, அதுதான் பாடம்.” ஒரு வாய் எடுத்து வைத்துக்கொண்டு சேர்த்துச் சொன்னாள்: “எவனோ ஒருத்தன் சொதப்பினதுக்கு நாலு உசுரு, பாருங்களேன்.”

மனைவி உச்சுக்கொட்டினாள். ஒயர்லெஸ்காரர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு எழுந்தார். பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது.

“என்னங்க, பிடிக்கலையா?”

“வயிறு சரியில்ல.”

அந்த எவனோ அவர்தான்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. ஆற்றுக்கு இக்கரையில் ஒரு கூடாரம்; உள்ளே கேப்டன், ஒரு மடக்கு மேஜை, அதன்மேல் கருவி, அதற்கு முன்னால் காதில் ஹெட்ஃபோனோடு இவர். அக்கரை மேட்டில் நாலு பேர். அவர்களில் கருவியைக் கையாண்டவனை எல்லோரும் கொசு என்பார்கள். ஆள் வாட்டசாட்டமாக இருப்பான். குரல் மட்டும் கீச்சென்று காதுக்குள் புகுந்து ரீங்காரமிடும். வேலையில்லாத நேரங்களில் கொசு தன் அக்காவைப் பற்றிப் பேசுவான். தாயில்லாத அவனைத் தையல் மெஷின் மிதித்து வளர்த்த அக்கா.

அன்று காலை பதினொன்று இருபதுக்குக் கொசு கூப்பிட்டான். “எதிராளி மேட்டுக்குப் பின்பக்கமா ஏறறான். பாலம் இன்னும் நம்ம கையிலதான் இருக்கு. இறங்கி வந்துடட்டுமா, கேளு.”

கேட்டார். சூழ்நிலைக்குத் தக்கபடி நீயே முடிவெடு என்று கேப்டனுக்கு மேலிடம் முதல்நாளே சொல்லியிருந்தது. ஆனால் போன மாதம்தான் பக்கத்து அணியின் அதிகாரி ஒருவர், அவசரப்பட்டுப் பின்வாங்கினார் என்று எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். தனக்கும் அதே கதி வந்துவிடுமோ என்று கேப்டன் பயந்தார்.

“இருக்கச் சொல்லு. மேலே கேட்கறேன்” என்றார்.

பதினொன்று முப்பத்தைந்துக்குக் கொசு மறுபடி கேட்டான். “இருக்கச் சொல்லு.” பதினொன்று ஐம்பதுக்குக் கேட்டான். “பதில் வரட்டும்னு சொல்லு.” கேப்டன் கூடாரத்துக்குள் கூண்டுப் புலிபோல் நடந்தார். நடந்தாரே தவிர, வாயிலிருந்து முத்து உதிரவில்லை. பன்னிரண்டு ஐந்துக்குக் கொசுவின் குரல் மாறியிருந்தது.

“டேய், சார் என்னதான்டா சொல்றாரு? வான்னு சொல்லு, இல்ல வராதேன்னு சொல்லு. எதையாவது சொல்லித் தொலைடா.”

பன்னிரண்டு பத்துக்கு இரைச்சல் மட்டும் வந்தது. அப்புறம் அதுவும் இல்லை. பன்னிரண்டு இருபத்தைந்துக்கு மேலிடத்திலிருந்து பதில் வந்தது: உங்கள் விருப்பப்படி முடிவு செய்துகொள்ளலாம்.

மூன்றாம் நாள் கேப்டன் ஒரு தாளை நீட்டினார். பதினொன்று இருபது முதல் பன்னிரண்டு பத்து வரை கருவி பழுதாகி அக்கரையோடு தொடர்பே இல்லாமல் போய்விட்டதாக டைப் அடித்திருந்தது. கீழே ஆபரேட்டர் கையெழுத்துப் போட இடம்.

“போனவங்க திரும்ப வரப்போறதில்ல. மிஷின் மேல பழியைப் போட்டா அதுக்கு வலிக்கவா போகுது? நீ வீட்டுக்குப் போக வேண்டியவன். இது எத்தனாவது மாசம் உன் பொண்டாட்டிக்கு?”

ஒன்பதாவது மாதம். இரண்டு முறை லீவு கேட்டு, இரண்டு முறையும் இல்லையென்று வந்திருந்தது. கையெழுத்துப் போட்டார். ஐந்தாம் நாள் லீவு வந்தது. மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் இருந்தார். கையில் வாங்கிய குழந்தை வீறிட்டு அழ அழ, “அப்பாவைப் பார்த்துட்டு என்னமா அழறா பாரு” என்று மாமியார் சிரித்தார். அந்த லீவு முடிந்து திரும்பியவர், சமயம் பார்த்து எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டு வந்துவிட்டார்.

மெஷின் பழுது என்று அன்று சொன்ன பொய், புத்தகத்தில் எப்படியோ ஆளின் பழுதாக வளர்ந்திருந்தது.

பயிற்சி நாளன்று மேஜர் எட்டரை மணிக்கே வந்துவிட்டார். கோட்டின் மடிப்பில் காலர் மைக்கைக் குத்திவிட்டு, ஒயரைச் சட்டைக்குள் விட்டு, இடுப்பில் பெட்டியைச் செருகினார் ஒயர்லெஸ்காரர். இருவர் முகத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. மேஜருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. “ஒண்ணு, ரெண்டு, மூணு, போதுமாப்பா?” என்றார். போதும் சார் என்று இவரும் தன் மேஜைக்குத் திரும்பினார்.

மேஜர் நன்றாகப் பேசினார். அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மூன்றாம் பாடத்துக்கு வந்ததும் அந்த ஆபரேட்டர் எப்படி நடுங்கினான் என்று கையை உதறி நடித்துக் காட்டினார். “இந்தா, ஒயரையே பிடிக்க முடியல அவனால!” நூற்றிருபது பேர் கொல்லென்று சிரித்தார்கள். முன்வரிசையில் மகளும் சிரித்தாள். பின்னால் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்திருந்த ஒயர்லெஸ்காரர், சிரிப்புச் சத்தத்தில் பேச்சு அமுங்கிவிடக் கூடாதே என்று மைக்கைக் கொஞ்சம் ஏற்றிவிட்டார். கை பழக்கத்தில் செய்துவிட்டது. செய்தபிறகுதான் அவருக்கே தன்மேல் அருவருப்பு வந்தது.

தேநீர் இடைவேளையில் பேட்டரி மாற்ற வேண்டியிருந்தது. மேடைக்குப் பின்னாலிருந்த சின்ன அறையில் மேஜர் தனியாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒயர்லெஸ்காரர் குனிந்து பழைய பேட்டரியைக் கழற்றினார்.

“சார், மிஷின் நல்லாத்தான் இருந்துச்சு.”

“தெரியுதே, கடைசி வரிசைவரைக்கும் கேட்குதுன்னாங்க.”

“இந்த மிஷின் இல்ல சார். பதினொண்ணு இருபதுக்கு முதல் தடவை கேட்டாங்க. மொத்தம் நாலு தடவை. நாலு தடவையும் உங்ககிட்ட சொன்னேன்.”

மேஜரின் கோப்பை பாதி வழியில் நின்றது. ஒயர்லெஸ்காரரின் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்துத் தோளில் ஓங்கித் தட்டினார். “அடப்பாவி, நீயா! தலையெல்லாம் வழுக்கை விழுந்து ஆளே மாறிட்டே. எப்படி இருக்கே?”

“புத்தகத்துல ஆபரேட்டர் பதறிட்டான்னு போட்டிருக்கீங்க.”

“உன் பேரைப் போடலையே.”

“நான் கையெழுத்துப் போட்டது மிஷின் பழுதுன்னுதான் சார்.”

மேஜர் கோப்பையைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. விவரம் தெரியாதவனுக்கு விளக்குபவர்போல் சொன்னார். “மிஷின் கெட்டுப்போச்சுன்னா அதுல என்னப்பா பாடம் இருக்கு? ரிப்பேர்காரனைக் கூப்பிடுன்னு கேட்கறவன் எழுந்து போயிடுவான். மனுஷன் தப்புப் பண்ணாத்தான் மனசுல நிக்கும்.”

“அந்த மனுஷன் நான்தானே.”

“அது உனக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்?”

ஒயர்லெஸ்காரர் புதுப் பேட்டரியைப் பொருத்தினார். எத்தனையோ வருடமாக இந்த மனிதர் எதிரே வந்தால் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார். இப்போது வாயில் வந்ததோ கெஞ்சலாக இருந்தது. “முன்வரிசையில என் பொண்ணு உட்கார்ந்திருக்கா சார். இந்த நிகழ்ச்சியை ஏற்பாடு பண்ணினவ. அவளுக்கு எதுவும் தெரியாது. மத்தியானம் பேசும்போது, மிஷின் பழுதுன்னாவது மாத்திச் சொல்லிடுங்க.”

மேஜர் ஜன்னலைப் பார்த்தார். “அந்தச் சுறுசுறுப்பான பொண்ணா? உன் பொண்ணா அவ?” என்றார். பிறகு, “சரி, நீ கவலைப்படாதே. நான் பார்த்துக்கறேன்.”

அதை நம்பினார் ஒயர்லெஸ்காரர். எதற்கு நம்பினோம் என்று பிற்பாடு தன்னையே எத்தனையோ முறை கேட்டுக்கொண்டார். அன்று மேஜர் நீட்டிய தாளிலேயே கையெழுத்துப் போட்டவருக்கு வாய்ச்சொல்லை நம்புவதா பெரிய விஷயம்!

பிற்பகல் நிகழ்ச்சி முடியப் பத்து நிமிடம் இருந்தது. மேஜர் மேடையின் விளிம்புக்கு வந்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

“என் புத்தகத்துல ஆறு பாடம்தான் இருக்கு. ஏழாவது பாடம் இன்னிக்கு, இந்த இடத்துல, கொஞ்ச நேரம் முன்னாடிதான் எனக்கே கிடைச்சுது. காலையில ஒரு ஆபரேட்டரைப் பத்திச் சொன்னேன், நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. அந்த ஆபரேட்டர் இதே கூடத்துலதான் இருக்காரு. இதோ, இத்தனை நேரம் என் குரலை உங்க காதுல கொண்டுவந்து சேர்த்தாரே, அவர்தான்.”

நூற்றிருபது தலைகள் பின்னால் திரும்பின. ஒயர்லெஸ்காரருக்குக் காது அடைத்துப்போனது. யாரோ இருவர் வந்து கையைப் பிடித்து எழுப்பினார்கள். கால்கள் தம்பாட்டுக்கு நடந்து அவரை மேடைக்குக் கொண்டுபோயின. போகிற வழியில் மகளைப் பார்த்தார். பேய் அறைந்தவள்போல் நின்றுகொண்டிருந்தாள்.

“இடைவேளையில வந்து என் முன்னாடி நின்னாரு. கண்ணெல்லாம் தண்ணி. தலைவன்னா யாரு? பழிவாங்கறவனா? இல்ல. உங்க எல்லாரையும் சாட்சியா வச்சு, நான் இவரை மன்னிக்கறேன்.”

மேஜர் அவரைக் கட்டிப்பிடித்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஒயர்லெஸ்காரரின் முகம் மேஜரின் கோட்டில் அழுந்தியிருந்தது. காலையில் தானே குத்திவிட்ட காலர் மைக் இப்போது அவர் வாய்க்கு நேராக இருந்தது.

“நான் பதறல” என்றார். கூடம் முழுக்க அது கேட்டது. கைதட்டல் குறைந்தது. “மிஷினும் நல்லா இருந்துச்சு. வரட்டுமான்னு நாலு தடவை கேட்டாங்க. நாலு தடவையும் சொன்னேன். இவருதான் இருக்கச் சொன்னாரு.”

 மேஜரின் பிடி இறுகியது. அவர் இவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

“சொல்லு. மனசுல இருக்கறதெல்லாம் கொட்டிடு.” பிறகு கூட்டத்தைப் பார்த்து, “இருபத்திரண்டு வருஷம்! குற்ற உணர்ச்சி ஒரு நல்ல மனுஷனை எப்படியெல்லாம் பேச வைக்குது பாருங்க. இதையும் வாங்கிக்கணும். கீழே இருக்கறவனோட வலியையும் கோபத்தையும் நெஞ்சுல வாங்கிக்கறவன்தான் தலைவன்.”

இந்த முறை கைதட்டல் கூரையைப் பிய்த்தது. இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மகள் கைதட்டவில்லை. அவளுக்குப் பக்கத்தில் நின்ற அவளுடைய மேலதிகாரி குனிந்து அவள் காதில் என்னவோ சொன்னார். அவள் தலையாட்டினாள். பிறகு மூன்று தடவை கையைத் தட்டினாள். ஒயர்லெஸ்காரர் அதைப் பார்த்தார்.

வீட்டுக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் வந்தார்கள்.  கதவைச் சாத்தியதும்தான் அவள் கேட்டாள்.

“எதுப்பா நிஜம்?”

சொன்னார். நேரம் நேரமாக, ஒன்றையும் விடாமல், கையெழுத்துவரை சொன்னார். மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி வாசற்படியிலேயே நின்று கேட்டாள்.

“கையெழுத்துப் போடலைன்னா என்ன பண்ணியிருப்பாங்க?” என்றாள் மகள்.

“தெரியலம்மா.”

“சுட்டா போட்டிருப்பாங்க?”

“இல்ல. லீவு கொடுத்திருக்க மாட்டாங்க.”

மனைவி மெல்லச் சொன்னாள்: “நான் கும்பிடாத சாமியில்ல அந்த லீவுக்கு.” அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். பாத்திரச் சத்தம்கூட வரவில்லை.

மகள் அப்பாவை நம்பினாள். அதில் சந்தேகமில்லை. ஆனால் நம்பிய பிறகு அவரிடம் முன்போல் அவளால் பேச முடியவில்லை. சாயங்காலம் வந்தால் நேரே தன் அறைக்குப் போனாள். கம்பெனியின் வரவேற்பறையில் அந்தக் கட்டிப்பிடித்த படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருப்பதாக அம்மாவிடம் சொன்னாளாம். தினமும் அதைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது என்றாளாம்.

இரண்டு மாதம் கழித்து ஒருநாள் அவளாகவே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“அடுத்த பேட்ச்சுக்கும் மேஜரையே கூப்பிட்டிருக்காங்கப்பா. அதே ஹால்தான். அந்த ஏழாவது பாடத்தைத்தான் எல்லாரும் கேட்கறாங்களாம். உங்களையும் மேடைக்கு வரச் சொல்லி அவரே போன் பண்ணினாரு. அஞ்சு நிமிஷம் போதும்னாரு.”

“நீ என்னம்மா சொன்னே?”

“வரமாட்டாருன்னு சொல்லிட்டேன்.” அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “ஆனா நீங்க அங்க மைக் பார்த்துட்டு இருந்தா அவரு விடமாட்டாரு. அன்னிக்கு லீவு போட்டுக்கங்கப்பா. வேலையை விட்டுடுவேன்னு நானும் நினைச்சுப் பார்த்தேன். முடியல.”

“விட வேண்டாம்மா. லீவு போட்டுக்கறேன்.”

அவள் நன்றி சொல்வதா, அழுவதா என்று தெரியாமல் எழுந்து போனாள்.

லீவு நாளன்று காலை எட்டு மணிக்கு ஒயர்லெஸ்காரர் பஸ் ஏறினார். கொசுவின் ஊர் மூன்று மணி நேரப் பயணம். இதற்கு முன்னும் இரண்டு முறை கிளம்பிப் பாதி வழியில் இறங்கித் திரும்பியிருக்கிறார். இந்த முறை கடைசி நிறுத்தம்வரை போனார்.

கடைவீதியில் விசாரித்ததும் காட்டிவிட்டார்கள். மாடியில் ஒற்றை அறைத் தையல் கடை. மூலையில் பள்ளிக்கூடச் சீருடைகள் மடித்துக் குவிந்திருந்தன. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு ஓர் அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். இவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். கொசுவோடு கருவியில் பேசிக்கொண்டிருந்த ஆபரேட்டர் என்றார்.

அந்த அம்மாள் பதறவில்லை. “உட்காருங்க” என்று ஸ்டூலிலிருந்த துணிகளை எடுத்தார். “மேஜர் சார் புத்தகம் அனுப்பி வச்சாரு. படிச்சேன். முதல்ல உங்க மேல அடங்காத கோபம். அப்புறம், சின்ன வயசு, பதறியிருப்பாரு, போகட்டும்னு விட்டுட்டேன். நீங்க இவ்வளவு தூரம் அலைஞ்சிருக்க வேண்டாம்.”

“அக்கா, அது அப்படி இல்ல.”

நின்றபடியே சொன்னார். வீட்டில் ஒருமுறை முழுதும் சொல்லியிருந்ததால் வார்த்தை தடைப்படவில்லை. கையெழுத்தைச் சொன்னார், லீவைச் சொன்னார், மகளைச் சொன்னார், மேடையில் நடந்ததையும் சொன்னார். அந்த அம்மாளின் கால் மிதிகட்டையின் மேலேயே இருந்தது, அசையவில்லை.

“நாலு தடவையும் கேட்டது அவன்தானா?”

“அவன்தான்.”

“வரட்டுமான்னு கேட்டானா?”

“ஆமாங்கக்கா.”

“இங்கே இருந்தப்பவும் அப்படித்தான். என்னைக் கேட்காம வாசல் தாண்ட மாட்டான்.” தைத்துக்கொண்டிருந்த சட்டைக் கையை மடித்து வைத்தார். பிறகு நிமிர்ந்தார். “உங்க பொண்ணுக்கு இப்ப என்ன வயசுன்னீங்க?”

“இருபத்திரண்டு.”

“அந்தப் பொண்ணு பிறந்து, வளர்ந்து, படிச்சு, வேலைக்குப் போறவரைக்கும் உங்களுக்கு இங்க வர வழி தெரியல. மேடையில உங்க மானம் போனதும் தெரிஞ்சுடுச்சு.”

அப்படி இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். நிஜமாகவே அப்படி இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. 

“மேஜரு பொய் சொன்னாரு. அவரு எனக்கு யாரோ” என்றார் அந்த அம்மாள். “நீங்க அவன் குரலைக் காதுல வச்சிருந்தவரு.”

தண்ணீர் கொடுக்கவில்லை. ஸ்டூலைத் திரும்ப இழுத்து, எடுத்த துணிகளை மறுபடி அதன்மேல் வைத்தார்.

“போயிட்டு வாங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல. போங்க.”

ஒயர்லெஸ்காரர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார். தெருவில் நல்ல வெயில். கீழே நின்று கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். மேலே தையல் மெஷின் ஓடும் சத்தம் வரவில்லை. ஒரு பஸ் வந்து போனது, இன்னொன்றும் வந்து போனது. மூன்றாவதில் அவர் ஏறினார்.